தஞ்சாவூர்ப் பக்கம் ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கும் பி.காம். பட்டதாரி, சாஃப்ட்வேர் கம்பெனியில் நல்ல சம்பளத்துக்கு ஃபைனான்ஸ் வேலை வாங்க முடியுமா?

முடியும். நான் போயிருக்கிறேன். நேராகப் போகவில்லை, பாபநாசத்தில் ஒரு அரிசி மில், அப்புறம் சென்னை, நடுவில் ஒரு பலத்த அடி என்று சுற்றிக்கொண்டுதான் போனேன்.

கும்பகோணம் அரசுக் கலைக் கல்லூரியில் பி.காம். ராமானுஜன் படித்த இடம். அவர் கணக்கைத் தவிர மற்றதில் கோட்டை விட்டு உதவித்தொகையை இழந்தவர். நான் எல்லாப் பாடத்திலும் பாரபட்சமில்லாமல் ஐம்பத்தைந்து வாங்கியவன். காஸ்ட் அக்கவுண்டன்ட் ஆவதற்கான சி.எம்.ஏ. படிப்பில் இன்டர் வரை தேறினேன், ஃபைனல் இன்னும் பாக்கி. சி.ஏ. முடித்தவருக்கு இவ்வளவு சுற்று தேவையில்லை. இது முடிக்காதவர்களுக்கான பதில்.

மில்லில் என் வேலை டேலி சாஃப்ட்வேரில் கணக்கு எழுதுவது, ஜி.எஸ்.டி., கூலிப் பட்டுவாடா. அரசு நெல்லை அரைத்துக் கொடுக்கும் மில் அது. 100 குவிண்டால் நெல் எடுத்தால் 68 குவிண்டால் புழுங்கல் அரிசி திருப்பித் தர வேண்டும், பச்சரிசி என்றால் 67. ஒரு வருடம் ஐப்பசியில் அரிசி குறைந்துகொண்டே வந்தது. முதலாளிக்கு பாய்லர் ஆள் மேல் சந்தேகம். "தம்பி, சாக்கு சாக்கா வெளிய போவுது, நீ நோட்டுல என்ன பாக்குற?" என்று என் மேலும் பாய்ந்தார்.

நான் செய்தது ஒன்றுதான். உள்ளே வந்த ஒவ்வொரு லோடுக்கும் ஈரப்பதம் எவ்வளவு என்று எக்செலில் போட்டேன். வழக்கமான வரம்பு 17 சதவீதம். மழை வருடத்தில் தளர்த்துவார்கள், 20 வரைக்கும் வந்திருந்தது. 17-ல் வந்த 100 குவிண்டால், 14 சதவீதத்துக்குக் காய்ந்தால் சுமார் 96.5 நிற்கும். 20-ல் வந்தது 93-தான் நிற்கும். கொடுக்க வேண்டியதோ அதே 68. திருடன் யாரும் இல்லை, தண்ணீர்தான் ஆவியாகப் போயிருக்கிறது. பாய்லர் அண்ணன் அன்றைக்கு எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். முதலாளி ஒன்றும் சொல்லவில்லை.

பட்ஜெட் ஒன்று, நடந்தது ஒன்று, நடுவில் இருக்கும் வித்தியாசம் எதனால் என்று பிரித்துக் காட்டுவதற்கு 'வேரியன்ஸ் அனாலிசிஸ்' என்று பெயர் என்பதே எனக்குச் சென்னை போய்த்தான் தெரியும். சாஃப்ட்வேர் கம்பெனிகளில் எஃப்.பி. அண்ட் ஏ., அதாவது நிதித் திட்டமிடலும் அலசலும் செய்யும் டீம் பிழைப்பதே இதில்தான். இன்வாய்ஸ் என்ட்ரி, பேங்க் ரீகன்சிலியேஷன், மாதக் கடைசி க்ளோசிங் எல்லாம் நடந்து முடிந்ததை எழுதும் வேலை. எழுதுவதற்கு ஒரு சம்பளம், ஏன் என்று சொல்வதற்கு வேறு சம்பளம். வேலை விளம்பரத்தில் 'ஃபைனான்ஸ்' என்று மட்டும் பார்த்துவிட்டு விண்ணப்பிக்காதீர்கள், உள்ளே என்ன வேலை என்று படியுங்கள். நான் முதலில் அப்படித்தான் ஏமாந்தேன், ஓ.எம்.ஆரில் ஏசி அறையில் மூன்று வருடம் அதே டேலி வேலையை வேறு சாஃப்ட்வேரில் செய்தேன்.

கட்டாயம் படிக்க வேண்டியது இண்ட் ஏ.எஸ். 115, அதாவது வருமானத்தை எப்போது கணக்கில் எழுதலாம் என்று சொல்லும் இந்தியக் கணக்கியல் தரம். நம் நாட்டில் 2018 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. சாஃப்ட்வேர் கம்பெனிக்கு ஒரு வருடச் சந்தா 12 லட்சம் முன்பணமாக வந்தால், அன்றைக்கே 12 லட்சம் வருமானம் ஆகாது. மாதம் ஒரு லட்சமாகத்தான் எழுத வேண்டும், மீதி பொறுப்புப் பக்கத்தில் நிற்கும். தை முகூர்த்தத்துக்கு ஆவணியிலேயே மண்டபக்காரர் அட்வான்ஸ் வாங்குகிறாரே, கல்யாணம் நடக்கும்வரை அது அவர் சம்பாத்தியமா? அதேதான். இதோடு எத்தனை வாடிக்கையாளர் சந்தாவை விட்டு விலகுகிறார்கள், இருப்பவர்கள் கூடுதலாக எவ்வளவு வாங்குகிறார்கள் என்ற இரண்டு கணக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். எக்செலும், டேட்டாபேசிலிருந்து தகவல் எடுக்க உதவும் எஸ்.க்யூ.எல். கொஞ்சமும் ஆறு மாதத்தில் வந்துவிடும், அதைப் பெரிதுபடுத்த வேண்டாம்.

இப்போது அந்த அடி. 2022 கடைசியில் ஒரு கம்பெனியில் மூன்று சுற்று இன்டர்வியூ முடிந்து, "நீங்கள்தான், லெட்டர் வந்துவிடும்" என்று போனில் சொன்னார்கள். நான் அன்று மாலையே ராஜினாமா அனுப்பிவிட்டேன். இரண்டு வாரம் கழித்து, ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டோம் என்று மெயில். ராஜினாமாவைத் திரும்ப வாங்க மேனேஜர் அறை வாசலில் நின்றது இன்னும் மறக்கவில்லை. அந்த வருடம் இன்க்ரிமென்ட் பூஜ்யம். கையெழுத்தான ஆஃபர் லெட்டர் கைக்கு வராமல் வாயே திறக்காதீர்கள், அம்மாவிடம்கூட. எங்கள் தெருவில் எல்லாருக்கும் ஸ்வீட் கொடுத்தாகிவிட்டது.

அடுத்த இன்டர்வியூ 2024 பிப்ரவரியில். ஊருக்கு வந்திருந்தேன், மொட்டை மாடியில்தான் சிக்னல். வீடியோவில் இன்டர்வியூ நடக்கும்போது பெரியப்பா வயலில் அறுவடை மெஷின் இறங்கிவிட்டது. எதிரே இருந்த மேடம் "என்ன சத்தம்?" என்றார். சம்பா அறுவடை என்றேன். அவருக்குக் கதை பிடித்துப் போய், "நெல்லில் ஃபோர்காஸ்ட் உண்டா?" என்று கேட்டார். ஒரு மா நிலத்துக்குப் பத்து மூட்டை காணும் என்று கதிரைப் பிடித்துப் பார்த்தே பெரியப்பா சொல்வதையும், அப்புறம் அந்த ஈரப்பதக் கணக்கையும் என் உடைந்த ஆங்கிலத்தில் சொன்னேன். இருபது நிமிடம் அதிலேயே போனது. இண்ட் ஏ.எஸ். கேள்வி ஒன்றே ஒன்றுதான் வந்தது.

ஆஃபர் வந்ததும் சி.டி.சி., அதாவது உங்களுக்காகக் கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு, அந்த எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். அதற்குள் கம்பெனி கட்டும் பி.எஃப்., அதாவது பேசிக்கில் 12 சதவீதம், இருக்கும். கிராஜுவிட்டி (பணிக்கொடை) என்று பேசிக்கில் 4.81 சதவீதம் சேர்த்திருப்பார்கள். வேரியபிள், அதாவது செயல்பாட்டைப் பொறுத்துத் தரும் தொகை, வந்தால்தான் வந்தது. நிலையான சம்பளம் எவ்வளவு என்று தனியாக எழுதி வாங்குங்கள், பேரத்தை அதில் வையுங்கள். அமெரிக்கத் தாய்க் கம்பெனி பங்கு தருவதாக இருந்தால், கைக்கு வரும் நாளின் மதிப்பு உங்கள் சம்பளமாகவே வரிக்கு உள்ளாகும், ஐ.டி. ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையையும் நிரப்ப வேண்டும். நோட்டீஸ் பீரியட் 90 நாள் என்றால், சீக்கிரம் விலகுவதற்காகப் பழைய கம்பெனிக்குக் கட்ட வேண்டிய பணத்தைப் புது கம்பெனி தருமா என்று முன்னமே கேளுங்கள்.

ஊரிலேயே இருந்துகொண்டு செய்யலாமா என்று அடுத்து கேட்பீர்கள். தஞ்சாவூரில் 2024-ல் நியோ டைடல் பூங்கா திறந்திருக்கிறார்கள். ஆனால் நான் பார்த்தவரை இந்த வேலைக்கான நாற்காலிகள் சென்னையிலும் பெங்களூரிலும்தான். உழவன் எக்ஸ்பிரசில் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஏறும் கூட்டத்தில் நானும் ஒருவன்.

நீங்கள் ஆடிட்டர் ஆபீசில் இருப்பதால் ஒரு வசதி இருக்கிறது. பத்து வியாபாரத்தின் கணக்கு உங்கள் கண் முன்னால் ஓடுகிறது. போன வருடத்துக்கும் இந்த வருடத்துக்கும் லாபம் இடறிய ஒரு ஃபைலை எடுத்து, காரணத்தை ஒரு பக்கத்தில் எழுதிப் பாருங்கள். வெளியில் பேசும்போது க்ளையன்ட் பெயரையும் ஊரையும் மட்டும் எடுத்துவிடுங்கள்.