தொடக்கநிலை மிரர்லெஸ் கேமரா வாங்கலாமா, சட்டைப்பையில் அடங்கும் காம்பாக்ட் வாங்கலாமா? நம் கடற்கரைக்கு எது சரிப்படும்?

கேள்வி கேட்டவர் சொன்ன விவரம் இவ்வளவுதான்: ஊர் தேவிபட்டினம். கையில் எழுபது, எண்பதாயிரம் இருக்கிறது. ஒரு வயதுக் குழந்தை, வீட்டு விசேஷம், கடற்கரை, எப்போதாவது பறவை. லென்ஸை மாற்றிக்கொள்ளும் ஆரம்பநிலை மிரர்லெஸ்ஸை அதோடு சேர்த்தே தரும் கிட் லென்ஸோடு வாங்குவதா, லென்ஸ் நிலையாக ஒட்டியே இருக்கும் நல்ல காம்பாக்ட்டா என்று குழப்பம். கடைக்காரர், "சென்சார் பெரிசு சார், கண்ண மூடிக்கிட்டு மிரர்லெஸ் எடுங்க" என்கிறாராம்.

எனக்குத் தங்கச்சிமடம். இரண்டையும் வைத்திருக்கிறேன், இரண்டிலும் காசைத் தொலைத்திருக்கிறேன். என்னிடம் கேட்டால் பதிலுக்கு ஒரு கேள்விதான் கேட்பேன்: இரண்டாவதாக ஒரு லென்ஸ் வாங்குவீர்களா? வாங்குவேன் என்றால் மிரர்லெஸ். "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்" என்றால் காம்பாக்ட். அந்த அப்புறம் நம்மில் முக்கால்வாசிப் பேருக்கு வருவதே இல்லை.

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. சென்சார் என்பது உள்ளே விழும் வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லு. நல்ல காம்பாக்ட்டுகளில் பெரும்பாலும் இருப்பது '1 இன்ச்' சென்சார். பெயரில்தான் இன்ச், அளந்தால் 13.2க்கு 8.8 மில்லிமீட்டர். பழைய வீடியோ கேமராக் குழாயின் அளவுக்கு வைத்த பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கிலோ வந்து எத்தனையோ காலமான பிறகும் பெரியவர்கள் வீசை என்பார்களே, அந்த மாதிரி. கேனான் ஆர்50 போன்ற மிரர்லெஸ்ஸில் சென்சார் 22.3க்கு 14.9. பரப்பில் ஏறக்குறைய மூன்று மடங்கு. கடைக்காரர் கணக்கை இத்தோடு மூடிவிடுகிறார்.

லென்ஸ் கணக்கு யார் போடுவது? ஆர்50க்கு வரும் 18-45 கிட் லென்ஸ் முழு ஜூமில் எஃப் 6.3. அதே கேனானின் ஜி7 எக்ஸ் மார்க் 3 காம்பாக்ட், அதே அளவு ஜூமில் எஃப் 2.8. எஃப் எண் சிறிசு என்றால் லென்ஸின் வாய் பெரிசு. 6.3ஐ 2.8ஆல் வகுத்து, வந்ததை அதாலேயே பெருக்குங்கள். ஐந்து வரும். சென்சாரில் ஒரே அளவு இடத்தில் காம்பாக்ட்டுக்கு ஐந்து மடங்கு வெளிச்சம் விழுகிறது என்று அர்த்தம். இந்தப் பக்கம் சென்சார் மூன்று மடங்கு, அந்தப் பக்கம் வெளிச்சம் ஐந்து மடங்கு. ராத்திரி ரிசப்ஷனில், மண்டபத்து மங்கல் வெளிச்சத்தில், பெரிய சென்சார்தான் பின்தங்கும். சொட்டுச் சொட்டாய் வரும் குழாயடியில் அண்டாவை வைத்தவரும், நன்றாக வரும் குழாயில் குடத்தை வைத்தவரும் ஒரே நேரம் நின்றால் யார் வீட்டுக்குத் தண்ணீர் அதிகம் போகும்? ராமநாதபுரம் மாவட்டத்துக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அதே ஆர்50இல் 50 மில்லிமீட்டர் எஃப் 1.8 லென்ஸை மாட்டுங்கள், கதை தலைகீழ். இப்போது அண்டாவும் உங்களுடையது, குழாயும் உங்களுடையது. அதே தூரத்துக் காட்சியில் காம்பாக்ட் பிடிப்பதைப் போல ஏழு மடங்கு வெளிச்சம். லென்ஸ் எடை 160 கிராம்தான். ஒரு தொந்தரவு உண்டு: இந்த சென்சாரில் 50 என்பது 80 மாதிரி நடந்துகொள்ளும். இந்த எண் கூடக் கூடக் காட்சி நெருங்கி வரும், குறையக் குறைய அகலமாகும். சின்னக் கூடத்தில் எல்லாரையும் ஃப்ரேமுக்குள் அடக்கப் பின்னால் நகர்ந்தால் முதுகு சுவரில் முட்டும். முகத்தை எடுக்க அருமை, கூட்டத்தை எடுக்க ஆகாது.

நான் 2022இல் வாங்கியது மிரர்லெஸ்தான், கிட் லென்ஸோடு. இரண்டு மாதம் கழுத்தைவிட்டு இறங்கவில்லை. அந்த நாளில் ஒரு காலை, பாம்பனில் பெரியம்மா வாசலில் நெத்திலி காயப்போட்டுக்கொண்டிருந்தார். ஒரு கை மீனை அள்ளி விசிறுகிறது, மறு கை காக்கையை விரட்டுகிறது, வாய் யாரையோ வைதுகொண்டிருக்கிறது. நான் கேமராவைத் தூக்கினேன். "என்னப்பு, கல்யாண வீட்டு கேமராவத் தூக்கிக்கிட்டு வந்திருக்க? இரு, சீலைய மாத்திட்டு வாறேன்" என்று உள்ளே போனவர் பட்டுச்சேலையில் வந்து, இரண்டு கையையும் தொடையோடு ஒட்டிக்கொண்டு நின்றார். எனக்குக் கிடைத்தது பாஸ்போர்ட் படம். நெத்திலியில் ஒரு வாய் காக்கைக்குக் கிடைத்தது.

அப்புறம் கேமரா அலமாரிக்குள் போய்விட்டது. கடைக்குப் போகும்போது எடுக்க மாட்டோம், படகில் எடுக்கப் பயம், விசேஷத்துக்கு எடுத்தால் "தம்பி இங்க ஒண்ணு, அங்க ஒண்ணு" என்று நம்மைக் கூலியில்லாத போட்டோகிராபர் ஆக்கிவிடுவார்கள். இரண்டு வருஷம் கழித்து மச்சான் துபாயிலிருந்து வந்தபோது ஒரு 1 இன்ச் காம்பாக்ட் கொண்டுவந்தார். அதே வாசல், அதே கருவாடு. சட்டைப்பையிலிருந்து எடுத்தேன். "அதென்ன, போனா?" என்றார் பெரியம்மா, பதிலுக்குக்கூட நிற்காமல் காக்கையைத் திட்டப் போய்விட்டார். அன்றைக்கு எடுத்த படம்தான் இப்போது எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. விரலிடுக்கில் உப்பு பூத்திருப்பது வரைக்கும் தெரிகிறது.

அப்படியென்றால் போனே போதாதா என்பீர்கள். பகல் வெளிச்சத்தில், அகலக் காட்சிக்கு, பெரும்பாலும் போதும். ஜூம் செய்தால்தான் நல்ல காம்பாக்ட் தனியாகத் தெரியும். இன்னொன்று, ஆன்லைனில் பத்து, பதினைந்தாயிரத்துக்குக் கிடைக்கும் குட்டி காம்பாக்ட்டுகள் பக்கமே போகாதீர்கள். அவற்றின் சென்சார் 1 இன்ச்சில் கால்வாசி. அதற்கு உங்கள் போன் மேல். 1 இன்ச் காம்பாக்ட் ஒன்றும் மலிவுச் சரக்கு அல்ல. விலை ஆரம்பநிலை மிரர்லெஸ்ஸுக்குப் பக்கத்திலேயே நிற்கும், சிலது தாண்டியும் போகும். சின்னது என்பதால் சீப் என்று எண்ணி வீட்டில் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

தூரம் என்று வந்துவிட்டால் காம்பாக்ட் கையைத் தூக்கிவிடும். தை, மாசியில் தனுஷ்கோடி ரோட்டில், கோதண்டராமர் கோயிலைச் சுற்றியுள்ள தேங்கல்களில் பூநாரை இறங்கும். 2025இல் அரசு அதைப் பூநாரைச் சரணாலயமாகவே அறிவித்துவிட்டது. பறவை நம் மார்பளவு உயரம். ஆனால் நிற்பது இருநூறு மீட்டருக்கு அப்பால், முழங்கால் சேற்றைத் தாண்டி. கிட்டே போனால் கூட்டமே எழும்பிவிடும், போகவும் கூடாது. என் காம்பாக்ட்டின் 100 மில்லிமீட்டரில் ஒரு பூநாரை ஃப்ரேமின் உயரத்தில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லை. படத்தைப் பார்த்த என் மகள், "அப்பா, லென்ஸ்ல குங்குமம் சிந்திருச்சா?" என்றாள். மறு வருஷம் மிரர்லெஸ்ஸுக்கு 50-250 லென்ஸ் வாங்கினேன். என் கேமராவின் சென்சாரில் அது முழு ஜூமில் 375 மாதிரி. பறவை ஃப்ரேமில் பத்தில் ஒரு பங்கு ஆனது. அலகின் வளைவும் கறுப்பு நுனியும் தெரிகிறது. இறகு இறகாக வேண்டும் என்பவர்கள் இதற்கும் மேலே, லட்சக் கணக்கில் போக வேண்டும். அது வேறு வியாதி. சக்கரக்கோட்டை கண்மாய்க் கரையில் நின்றாலும் இதே நிலைதான்.

பாம்பன் பாலத்துக்கு இந்தப் பாடெல்லாம் வேண்டாம். 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலத்தின் 72.5 மீட்டர் தூக்குப் பகுதி மேலே போவதை ரோட்டுப் பாலத்திலிருந்து எடுக்க ஜூமைவிட அகலம்தான் தேவை. அகலத்தில் காம்பாக்ட் 24இல் தொடங்குகிறது, ஆர்50இன் கிட் லென்ஸின் 18, முன்பு 50 என்பது 80 ஆன அதே கணக்கில், 29இல். இந்த ஐந்து கேட்கச் சின்னதாகத் தெரியும், நின்று எடுக்கும்போது அப்படித் தெரியாது. உங்களுக்குப் பக்கத்துக் காரங்காட்டில் வனத்துறைப் படகில் அலையாத்திக் காட்டுக்குள் போகும்போதும் அப்படியே. கிளைகள் தலைக்கு மேலே வந்துவிடும், லென்ஸ் மாற்றிக்கொண்டிருக்க முடியாது. மணிக்கட்டில் கயிற்றைப் போட்டுக்கொண்டு காம்பாக்ட்.

இனி மணல். ஒரு ஆனி மாதம், கச்சான் காற்று உரக்க அடிக்கும் நாள். அரிச்சல்முனையில் மணல் தார் ரோட்டின் மேல் பாம்பு மாதிரி ஊர்ந்து கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. பார்க்க அழகாக இருக்கிறதே என்று குனிந்து காம்பாக்ட்டை ஆன் செய்தேன். லென்ஸ் வெளியே வந்தது, படமும் எடுத்தது. மூடும்போது 'கிர்ர்' என்று ஒரு சத்தம், பாதியில் நின்றுவிட்டது. ஆஃப் செய்து மறுபடி ஆன் செய்யுங்கள் என்று திரையில் வந்தது. எத்தனையோ முறை செய்தேன். மதுரையில் பழுதுபார்க்கக் கொடுத்தபோது கேமரா விலையில் பாதி கேட்டார்கள். எந்தக் கம்பெனி என்று சொல்ல மாட்டேன், மணல் எல்லாக் கம்பெனிக்கும் பொது. நீண்டு சுருங்கும் குழல் உள்ள எந்தக் காம்பாக்ட்டும் மூடும்போது மணலை உள்ளே வாரிக்கொள்ளும். சென்சாரில் தூசி போனால் நீங்கள் துடைக்கவும் முடியாது, பிரித்துத்தான் ஆக வேண்டும். மிரர்லெஸ்ஸில் லென்ஸைக் கழற்றும்போது தூசி போகும், ஆனால் ரப்பர் புளோயரால் இரண்டு ஊது ஊதினால் பெரும்பாலும் போய்விடும். காற்று நாளில் கரையில் லென்ஸை மாற்றாதீர்கள். வண்டிக்குள் போய் மாற்றுங்கள். இந்த விலையில் உள்ள இரண்டு ரகத்திலுமே தண்ணீர், தூசிக் காப்பை நம்பி இறங்காதீர்கள், விளம்பரத்தில் அலைக்கு நடுவே படம் போட்டிருந்தாலும்.

உப்புக்கு மருந்து எளிது. வீட்டுக்கு வந்ததும் நன்றாகப் பிழிந்த ஈரத் துணியால் உடலைத் துடைத்து, அப்புறம் உலர்ந்த துணி. காய்ந்த உப்பை உலர் துணியால் தேய்த்தால் கண்ணாடியில் கோடு விழும். வைக்கும் இடம் ரப்பர் விளிம்புள்ள காற்றுப்புகா டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் துணிப்பைக்குள் மூடி வைத்தால் லென்ஸுக்குள் பூஞ்சை பூக்கும். ஏசி அறையிலிருந்து விடியற்காலையில் நேரே அக்னி தீர்த்தத்துக்கு ஓடினால் லென்ஸ் முழுக்க ஆவி படியும். துடைக்கத் துடைக்க வரும். பையை மூடியபடியே அரைமணி நேரம் முன்னால் வெளியே வைத்துவிட்டால் போதும்.

கடலுக்கு மிரர்லெஸ் செய்யும் ஒரு உபகாரத்தைச் சொல்லியாக வேண்டும். லென்ஸின் முன்னால் போலரைசர் ஃபில்டர் திருகலாம். தண்ணீர் மேல் உள்ள பளபளப்பைத் திருகித் திருகிக் குறைக்கலாம், தென்கடல் பக்கம் ஆழமில்லாத இடத்தில் அடிமணலும் பாசியும் படத்தில் வரும். காம்பாக்ட்டுகளில் பொதுவாகத் திருகு இல்லை. அதேபோல மத்தியான வெயிலில் தனுஷ்கோடியில் திரையைப் பார்த்தால் உங்கள் முகம்தான் தெரியும். கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் வேண்டும். மிரர்லெஸ் என்றாலே அது இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். ஆர்50இல் உண்டு. நிக்கான் இசட்30, சோனி இசட்வி-ஈ10 இரண்டிலும் கிடையாது.

இப்போது உங்கள் குழந்தை. ஒரு வயது என்றால் இன்னும் சில மாதத்தில் ஓட்டம் பிடித்துவிடும். இந்த ஒரு இடத்தில் கடைக்காரர் சொன்ன பதில் சரி, சொன்ன காரணம் தப்பு. ஓடும் குழந்தையின் கண்ணைப் பிடித்துக்கொண்டே போவது ஆட்டோஃபோகஸின் வேலை, சென்சார் அளவின் வேலை இல்லை. ஜி7 எக்ஸ் மார்க் 3இல் இருப்பது படத்தின் இருள்-வெளிச்ச மாறுபாட்டைத் தேடித் தேடிப் பிடிக்கும் பழைய முறை. முன்னும் பின்னும் அலைந்துவிட்டுத்தான் நிற்கும், அதற்குள் பிள்ளை கட்டிலுக்கு அடியில் போயிருக்கும். ஆரம்பநிலை மிரர்லெஸ்களில் பெரும்பாலும் அப்படி அலையாமல் நேரே போய் ஃபோகஸ் பிடிக்கும் ஃபேஸ் டிடெக்ஷன் (phase, முகத்தைக் குறிக்கும் face அல்ல) உண்டு. காம்பாக்ட்டில் வேண்டுமென்றால் சோனி இசட்வி-1, ஆர்எக்ஸ்100 மார்க் 7 இரண்டிலும் உண்டு. இசட்வி-1இல் ஃப்ளாஷும் வியூஃபைண்டரும் இல்லை, ஜூம் 70இலேயே முடிந்துவிடும். மார்க் 7 ஜூம் 200 வரை போகும், விலையும் போகும்.

பறவை 'எப்போதாவது' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லை வைத்துத்தான் சொல்கிறேன், உங்களுக்கு இசட்வி-1 மாதிரி ஒரு காம்பாக்ட் போதும். அடுத்த தீபாவளி போனஸில் 50 எஃப் 1.8 வாங்கியே தீருவேன் என்று வீட்டம்மா முன்னிலையில் சொல்ல முடிந்தால் ஆர்50. வெறும் கிட் லென்ஸோடு மிரர்லெஸ்ஸை வாங்கி, என்னை மாதிரி இரண்டு வருஷம் அலமாரிக்குப் பூட்டுப் போடுவதானால் அந்தக் காசுக்குக் கொஞ்சம் தங்கமாவது வாங்கப் பாருங்கள்.

செகண்ட் ஹேண்ட் யோசித்தால், நம் கரையோர ஊர்களில் புழங்கிய கேமராவை மூன்று இடத்தில் பாருங்கள். மேலே ஃப்ளாஷ் மாட்டும் தகடு, அடியில் ஸ்டாண்ட் திருகும் துளை, பேட்டரி முனைகள். பச்சையோ துருவோ தெரிந்தால் உப்பு உள்ளேயும் போயிருக்கும். லென்ஸைப் பத்து முறை திறந்து மூடச் சொல்லி காதை வைத்துக் கேளுங்கள். பிறகு முன் கண்ணாடியில் போன் டார்ச்சைச் சாய்த்து அடியுங்கள். சிலந்தி நூல் மாதிரி ஏதாவது கிளை விட்டிருந்தால் அது பூஞ்சை. "துடைச்சா போயிரும்ணே" என்பார்கள், உள்கண்ணாடியில் இருப்பது துடைத்தால் போகாது.