அது மூன்ஸ்டோன் இல்ல சகோ, ஓபலைட்

சகோ, டூர் போன எடத்துல ஒரு பை பாலிஷ் கல்லு வாங்குனேன், வெள்ளைக் கல்ல மூன்ஸ்டோன்னு சொல்லிக் குடுத்தாங்க, நெசமான்னு கேட்டிருக்கீங்க. ரெண்டாவது போட்டோல கறுப்புத் துணி மேல வெச்சிருக்கீங்க பாருங்க, லேசா நீலமா தெரியுது, அதையே ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரா புடிச்ச போட்டோல ஆரஞ்சா மாறுது, இது ஓபலைட், அதாவது வெறும் கண்ணாடி. லென்ஸ் வெச்சுத் தேடுங்க, குண்டூசி முனை சைஸ்ல உருண்டையா ஒரு காத்துக் குமிழி மாட்டுனாலும் மாட்டும். நெச மூன்ஸ்டோன்னா ஃபெல்ட்ஸ்பார்ங்கற கனிம வகை, திருப்பத் திருப்ப ஒரு வெளிச்சப் படலம் உள்ளுக்குள்ள நகரும், நம்ம காங்கேயம் பக்கமே கெடைக்கும், இலங்கைல மீட்டியாகொடைல சுரங்கமே இருக்கு.

பிரவுன்ல ஜிகினா தூவுன மாதிரி இருக்கே, அதுவும் கண்ணாடிதான். கோல்டுஸ்டோன், மின்னுறது செம்பு. ஒரு எடம் விடாம ஒரே சீரா மின்னுது பாருங்க, நானும் இதத்தான் சன்ஸ்டோன்ங்கற நெசக் கல்லுன்னு நம்பி ஒருதடவ ஏமாந்தேன் 😄

அடர் பிங்க் அகேட்ல கல்லு நெசம், கலர்தான் பொய். விரிசல்ல சாயம் தேங்கி நிக்குது. நெயில் பாலிஷ் ரிமூவர் தொட்ட பஞ்சால தேய்ச்சா சில சமயம் கலர் ஒட்டும், ஒட்டலன்னா சாயமே இல்லன்னு முடிவு பண்ணிடாதீங்க.

அந்தப் பச்சைதான் பையிலேயே உருப்படி, அவென்ச்சுரின்ங்கற கல்லு மாதிரிதான் தெரியுது. வெயில்ல சாய்ச்சுப் பாருங்க, ஃபுக்சைட்ங்கற மைக்கா பொடிப்பொடி தகடா மினுக்கும். அது குவார்ட்ஸ் வகை, பத்து வரைக்கும் போற மோஸ் அளவுல கடினம் 7, கண்ணாடியவிட கெட்டி, அதனால பழைய கண்ணாடி பாட்டில் மேல அழுத்தி இழுத்தா கோடு விழணும், மூக்குக்கண்ணாடில ட்ரை பண்ணிடாதீங்க