மாடி எடுக்கும்போது பழைய பாலிசி போதுமா?

காவேரிப்பட்டணத்தில் கீழ் வீட்டைப் பூட்டிவிட்டு மாடி எடுக்கப் போகிறோம், இருக்கிற பாரத் கிரஹ ரக்ஷா என்ற வீட்டுக் காப்பீட்டு பாலிசியே போதுமா என்று கேட்டிருந்தீர்கள். போதாதுங்க. வேலை தொடங்கும் முன்பே, மாடி எடுப்பதையும் வீடு பூட்டிக் கிடக்கப் போவதையும் நிறுவனத்துக்கு மெயிலில் எழுதிப் பதில் வாங்கி வையுங்கள், வாய்ச்சொல் கிளெய்ம் நேரத்தில் நிற்காது. புது வேலைக்குத் தனியாக, கட்டுமான வேலையின்போது வரும் சேதத்துக்கான கான்ட்ராக்டர்ஸ் ஆல் ரிஸ்க் பாலிசி எடுக்க வேண்டும், கம்பியும் சிமெண்ட் மூட்டையும் வந்து இறங்குவதற்கு முன்பே. அதில் உங்கள் பெயரும் கான்ட்ராக்டர் பெயரும் சேர்ந்தே இருக்கட்டும். முக்கியமாக, பழைய கீழ் வீடு அதில் தானாக வராது, கேட்டுத்தான் சேர்க்க வேண்டும். எங்கள் தர்மபுரி வீட்டில் மேல்தளத்தைக் கொத்திப்போட்ட அன்றே ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது, ஹால் சீலிங் ஊறி பீரோவுக்குள் தண்ணீர், துணியெல்லாம் சுண்ணாம்புக் கறை. கீழ் வீட்டைச் சேர்க்காததால் ஒரு பைசா வரவில்லை.