விட்டுப் பிடியுங்கள்!

கேள்வி: மூன்று மாதமாக இணையத்தில் ஹெக்ஸ் ஆடுகிறேன். அறுகோணக் கட்டங்கள் கொண்ட பலகையில் என் நிறக் காய்களால் இரண்டு எதிர் ஓரங்களை இணைக்க வேண்டும்; எதிராளிக்கு மற்ற இரண்டு ஓரங்கள். விதி அவ்வளவுதான், ஆனால் தோல்விக்குமேல் தோல்வி. ஒட்டி ஒட்டி மறித்தாலும் எதிராளி நழுவிவிடுகிறார். முதல் காயை நட்டநடுவில் வைத்தால், ‘மாற்றிக்கொள்கிறேன்’ என்று அதையே எடுத்துக்கொள்கிறார். இது என்ன நியாயம்? “பேர் சொல்கிற மாதிரி செஸ் ஆடேன்” என்கிறார் கணவர். விட்டுவிடவா?

பதில்: விடவே விடாதீர்கள். உங்கள் கடிதத்திலேயே நோயும் இருக்கிறது, மருந்தும் இருக்கிறது. ‘ஒட்டி ஒட்டி மறித்தாலும்’ என்கிறீர்களே, அதுதான் நோய்.

ஒரு கட்டத்துக்கு ஆறு பக்கம். நீங்கள் மூக்குக்கு நேராகக் காய் வைத்தால், அவர் பக்கத்துக் கட்டத்தில் கால் வைத்துச் சுற்றிப் போய்விடுவார். இரண்டு மூன்று கட்டம் தள்ளி, அவர் வந்து சேரப்போகிற இடத்தில் காத்திருங்கள். விட்டுப் பிடிப்பது என்பார்களே, அதேதான்.

உங்கள் பாதையையும் அப்படியே போடுங்கள். இரண்டு காய்களை ஒட்டி வைக்காமல், இரண்டுக்கும் பொதுவாக இரண்டு காலிக் கட்டங்கள் இருக்கும்படி வையுங்கள். அவர் ஒன்றில் நுழைந்தால் நீங்கள் மற்றதில் வைப்பீர்கள். ஆக, இணைப்பு அறுபடாது. இதைப் பாலம் என்பார்கள். கையைப் பிடிக்காமலே கூட வருகிற மாதிரி! பாலம் கண்ணில் படத் தொடங்கிவிட்டால் பலகையே வேறாகத் தெரியும்.

இந்த ஆட்டத்தில் காய் வெட்டுப்படாது, நகராது. சமன் என்பதும் கிடையாது. 11க்கு 11 பலகையின் 121 கட்டங்களும் நிரம்பினாலும், இருவரில் ஒருவர் பாதை கட்டாயம் முடிந்திருக்கும். அதனால் தடுப்பதும் சேர்ப்பதும் இங்கே ஒரே வேலை. நல்ல காய் என்றால் இரண்டையும் சேர்த்தே செய்யும்.

நானும் பட்டவன்தான். ஓரத்தை ஒட்டி ஒருவர் வரிசையாக வந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் அவருக்குக் கீழே ஒரு காய் வைத்து, ஓரத்தைத் தொடவிடாமல் ஆனந்தமாக மறித்தபடியே போனேன். ஏணி என்று இதற்குப் பெயர். அந்த ஏணியின் மறுமுனையில், பத்துக் காய் முன்னால் ‘இதை ஏன் இங்கே வைத்தார்?’ என்று நான் அலட்சியமாகத் தாண்டிய ஒற்றைக் காய் உட்கார்ந்திருந்தது. ஓரத்தோடு ஏற்கெனவே சேர்ந்த காய். வந்து கைகோத்தார், முடிந்தது. அன்றிலிருந்து தோற்ற ஆட்டத்தைப் பின்னாலிருந்து ஒவ்வொரு காயாகப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. ஜெயித்ததைப் பார்க்கப் பொறுமை வருவதில்லை!

மாற்றிக்கொள்ளும் விதியில் அநியாயம் இல்லை. பிழை இல்லாமல் ஆடினால் முதலில் வைப்பவரே ஜெயிப்பார் என்று கணித மேதை ஜான் நாஷ் நிரூபித்துவிட்டார். எப்படி ஆடவேண்டும் என்பதை அந்த நிரூபணம் சொல்லாது, அதுதான் வேடிக்கை. அந்தச் சாதகத்தைச் சரிக்கட்டவே இந்த விதி. நடுக்கட்டம் மிக வலுவான இடம். அதைத் தட்டில் வைத்து நீட்டினால் யார் வேண்டாம் என்பார்? எடுக்கவும் மனம் வராத, விடவும் மனம் வராத இடமாக ஓரத்துப் பக்கம் தேடுங்கள்.

இன்னொன்று, காய்க்குச் சில விநாடி மட்டுமே தரும் ஆட்டங்களை இப்போதைக்குத் தவிருங்கள். ஒரு காய்க்கு ஒரு நாள்கூட அவகாசம் தரும் ஆட்டங்கள் உண்டு. அவற்றில்தான் யோசிக்கிற சுகம்.

பேர்தானே வேண்டும் உங்கள் கணவருக்கு? டென்மார்க்கின் பீட் ஹைன் இதை 1942இல் வெளியிட்டார். சில ஆண்டுகளில் நாஷ் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் தானாகவே கண்டுபிடித்தார். 1994இல் பொருளாதார நோபல் பெற்றாரே, அதே நாஷ். இதையெல்லாம் சொல்லி, அவரையே ஓர் ஆட்டத்துக்கு உட்கார வையுங்கள். முதல் காயை அவர் வைக்கட்டும். நட்டநடுவில்தான் வைப்பார். மாற்றிக்கொள்ளுங்கள்.