ஒரு வேடம் ஒரு நடிகருக்குப் பொருந்துகிறது என்பதை எதை வைத்துச் சொல்வது?

வயது, உருவம், ஆண் பெண் என்ற பொருத்தம் இவையெல்லாம் கூடிவந்தால்தான் ஒருவர் ஒரு வேடத்துக்குப் பொருந்துவாரா என்று கேட்டிருக்கிறீர்கள். இவை அனைத்தும் இருந்தும் பொருந்தாமல் போனவர்கள் உண்டு. எதுவுமே இல்லாமல் பொருந்திப்போனவர்களும் உண்டு. இதற்கு, நாடக மேடையில் பாடி நடித்துப் புகழ்பெற்ற கே. பி. சுந்தராம்பாளைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தோன்றவில்லை.

கணவர் எஸ். ஜி. கிட்டப்பா 1933இல் இறந்தபின், சுந்தராம்பாள் வெள்ளைச் சேலைக்கு மாறினார். இனி எந்த ஆண் நடிகருடனும் ஜோடியாக நடிப்பதில்லை என்றும் உறுதிகொண்டார். அப்படிப்பட்டவரைத் திரைக்குக் கொண்டுவர விரும்பியவர்கள் கண்டுபிடித்த வழி, சிதம்பரம் போக ஏங்கிய பண்ணையாளான சிவனடியார் நந்தனாராக அவரையே ஆக்குவது. 1935இல் வந்த 'பக்த நந்தனா'ரில் அவருக்குச் சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். நந்தனாரின் பண்ணையார் வேதியராக நடித்தவர் சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாத ஐயர். இத்தனை இருந்தும் படம் எதிர்பார்த்தபடி ஓடவில்லை.

பெண் ஆண்வேடம் போட்டதுதான் குற்றம் என்று நான் சொல்லமாட்டேன். பெண்கள் ராஜபார்ட் போடுவதை அந்நாளைய நாடகக் கொட்டகை இயல்பாகவே ஏற்றுக்கொண்டது. கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவனுக்கு முகம் எங்கே தெரியப்போகிறது? அவனுக்குக் குரல்தான் நந்தனார். பின்னால் தொங்கும் வயல்வெளியும் வெறும் படுதாதான் என்பதால், எல்லாமே பாவனை என்ற உடன்பாடு மேடைக்கும் அவனுக்கும் இடையே முன்பே ஏற்பட்டுவிடுகிறது. சினிமாவோ உண்மையான வயலையும் உண்மையான மாட்டையும் காட்டிவிட்டு, அவற்றின் நடுவே பாவனையான ஒரு பண்ணையாளை நிறுத்துகிறது. சுற்றியிருப்பதெல்லாம் நிஜமாகிவிட்ட இடத்தில் நிஜமல்லாத ஒன்று மட்டும் துருத்திக்கொண்டு தெரியும். ஏழாண்டுகள் கழித்து, 1942இல், ஜெமினியின் நந்தனாராக எம். எம். தண்டபாணி தேசிகர் நடித்தபோது இந்தச் சிக்கல் எழவில்லை. தேசிகரும் ஏர் பிடித்தவர் அல்லர் என்பது வேறு விஷயம். ஆனால் தேவாரம் பாடிப் பழகிய தொண்டை அது, சிவனைக் கூப்பிடுவதற்குத் தனியாக நடிக்க வேண்டியதில்லை.

இதில் எனக்கும் ஒரு சொந்த அனுபவம் உண்டு. கல்லூரி ஆண்டு விழாவில் கர்ணன் நாடகம் போட்டபோது, ஆறடி உயரம் என்ற ஒரே தகுதியில் கர்ணன் வேடம் எனக்கு வந்தது. ஒத்திகையில் நான் மூச்சுப்பிடித்துப் பேசிய வசனம் மூன்றாவது நாற்காலி வரிசையைத் தாண்டவில்லை. கிருஷ்ணனாக நின்ற நண்பனோ என் தோளுயரம்தான். ஆனால் அவன் வாய் திறந்தால் வராந்தாவில் போகிறவர்கள் எட்டிப்பார்ப்பார்கள். நாடகத்துக்கு நான்கு நாள் முன்பு இருவரையும் மாற்றிவிட்டார்கள். அட்டைக் கவசம் அவனுக்கு முழங்கால்வரை தொங்கியது. விழாவன்று அதைப் பார்த்து ஒருவரும் சிரிக்கவில்லை.

சுந்தராம்பாளுக்கு வருகிறேன். 1953இல் எஸ். எஸ். வாசனின் 'ஔவையா'ரில் நடித்தபோது அவருக்கு வயது நாற்பத்தைந்தை ஒட்டி இருக்கும். இளமையிலேயே இல்லற வாழ்வு தனக்கு வேண்டாம் என்று முதுமையை வரமாகக் கேட்டுப் பெற்றவள் என்பது ஔவையைப் பற்றிய கதை. இருபத்தைந்து வயதில் வெள்ளைச் சேலையை வரித்துக்கொண்ட ஒருவருக்கு இந்தக் கதையை யாரும் விளக்கிச் சொல்லியிருக்கத் தேவையில்லை. சேலையும் திருநீறும் அவர் வீட்டிலும் அணிந்தவைதான். யானைகள் கூட்டமாக வந்து கோட்டையைத் தகர்க்கும் புகழ்பெற்ற காட்சியை நினைத்துப்பாருங்கள்: ஒரு கிழவி பாடினாள், யானைகள் கேட்டன என்பதை நாம் நம்பவேண்டும். அந்தக் குரலைக் கேட்டவர்களுக்கு அதை நம்புவதில் சிரமம் இருக்காது.

ஆனால் அவருக்கு முன்பே மேடையில் ஔவையாகப் பேர் வாங்கியவர் ஓர் ஆண்: டி. கே. சண்முகம். அப்போது அவர் முப்பதை ஒட்டிய வயதினர். சங்கரதாஸ் சுவாமிகளின் பாலர் நாடக சபையில் சிறுவனாகச் சேர்ந்து வளர்ந்தவர். அத்தகைய சபைகளில் பையன்கள்தாம் ராஜா, ராணி, கிழவன் எல்லாம்; மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால் நேற்றுவரை போட்ட வேடம் இன்னொருவனுக்குப் போய்விடும். வேடம் என்பது உடம்போடு பிறந்த உரிமை அன்று என்பதை அந்தப் பையன்கள் மீசை முளைக்கும் முன்பே கற்றுக்கொண்டார்கள். ஔவை பெண்தான் எனினும் பெண்மையின் அழகையும் இளமையையும் கதையே கழற்றி வைத்துவிடுகிறது. எஞ்சியிருப்பவை முதுமையும் தமிழும் துடுக்கும். அவற்றுக்கு ஆண் பெண் கிடையாது. 'ஔவை' என்பது சண்முகத்தின் பெயரோடு பட்டமாகவே ஒட்டிக்கொண்டது. பின்னாளில் 'கப்பலோட்டிய தமிழ'னில் சுப்பிரமணிய சிவாவாக வந்தவரும் இவர்தான்.

ஆக, வேடத்துக்கு ஆள் தேடுகிறவர் முகச்சாயலைப் பார்ப்பதற்கு முன், அந்தப் பாத்திரத்தில் எதை விட்டால் பாத்திரமே இல்லாமல் போகும் என்று பார்க்கவேண்டும் என்பது என் கட்சி. நந்தனாருக்கு உழைத்த உடம்பும் ஏக்கமும் வேண்டும். அதில் முதலாவது 1935இல் விடுபட்டது. ஔவைக்கு வேண்டியது எதுவும் 1953இல் விடுபடவில்லை. 1965இல் 'திருவிளையாட'லில் ஔவை தேவைப்பட்டபோது ஏ. பி. நாகராஜன் அழைத்ததும் சுந்தராம்பாளைத்தான். நான் சிறுவனாக இருந்தபோது, என் தமிழ்ப் பாடநூலில் கோலூன்றி நிற்கும் ஔவையார் படத்தைப் பாட்டியிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தவர், "சுந்தராம்பாள் சாயலே இல்லையேடா, யாரு வரைஞ்சது?" என்று கேட்டார்.