பந்து வாங்கக் காசு இருக்கிறதா?

கேள்வி: என் மகன் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் மூணாவது படிக்கிறான். பி.டி. பீரியடில் சும்மா உட்கார வைக்கிறார்களாம். விளையாட்டுக்கு அரசு பணமே தராதா சார்?
- ஒரு வாசகி, வியாசர்பாடி

பதில்: தருகிறதும்மா. 2018-ல் வந்த சமக்ர சிக்ஷா என்கிற பள்ளிக் கல்வித் திட்டத்தில் விளையாட்டுச் சாமான் வாங்க வருஷத்துக்குத் தொடக்கப் பள்ளிக்கு 5,000 ரூபாய் வரை, நடுநிலைக்கு 10,000, அதற்கு மேலே 25,000. ஐயாயிரத்தில் நாலு பந்து, கொஞ்சம் ஸ்கிப்பிங் கயிறு, ரிங்கு வாங்கலாம், அதோடு சரி. ஆனால் சிக்கல் பந்தில் இல்லை, ஆளில்தான். 2009 கல்வி உரிமைச் சட்டம் பகுதிநேர உடற்கல்வி ஆசிரியர் வேண்டும் என்று சொல்வதே ஆறாம் வகுப்பிலிருந்து எட்டு வரைதான், அதுவும் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால். அதனால் உங்கள் பையனுக்குக் கணக்கு சொல்லித்தருகிற டீச்சரேதான் விசிலும் ஊத வேண்டும். தெருவுக்குத் தெரு கால்பந்து உருளும் வியாசர்பாடியில் இந்தக் கூத்து!

சரி, என்ன செய்யலாம்? பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான், மானியம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது சட்டப்படி அவர்கள் வேலை. அடுத்த கூட்டத்துக்குப் போய், இந்த வருஷம் என்ன வாங்கினீர்கள், ஸ்டாக் நோட்டைக் காட்டுங்கள் என்று கேளுங்கள். சண்டையாக வேண்டாம், பந்து பீரோவுக்குள் பூட்டிக் கிடந்தாலும் கிடக்கும்.