மேயில் நிழல் தெற்கே விழும்

அன்புள்ள ஐயா,

தேவிபட்டினம் பக்கத்தில் எங்கள் ஊர் நூலக நண்பர்கள் சேர்ந்து, மே மாதம் மூன்றாம் ஞாயிறன்று 30 பிள்ளைகளுக்கு (வயது 6 முதல் 12) ‘கற்றலும் விளையாட்டும்’ என்று ஒரு முழுநாள் நடத்தப் போகிறோம். யோகா, ஓவியம், கதை, அறிவியல், கடற்கரை விளையாட்டு என்று 12 நிகழ்ச்சிகள், ஒவ்வொன்றும் 40 நிமிடம். கையில் காசு அதிகமில்லை. திட்டம் சரியா? முடிவில் சான்றிதழ் கொடுக்கலாமா?

ச.

அன்புள்ள ச.,

பன்னிரண்டு வேண்டாம், பாதி போதும். 30 பிள்ளைகளை உட்காரவைத்து ஆளுக்கொரு பொருளைக் கையில் கொடுப்பதற்குள் கால் மணி நேரம் ஓடிவிடும். மிச்ச நேரத்தில் மும்முரமாக ஒன்றில் இறங்கும்போது நீங்கள் விசில் ஊதுவீர்கள். மே வெயில் நாளை ஏற்கெனவே பிரித்துத்தான் வைத்திருக்கிறது: காலை 6.30 முதல் 8.30 வரை கரை, மாலை 4.30 வரை கூரை நிழல், அப்புறம் திடல்.

கரையில் பல்லாங்குழி. பலகை வேண்டாம், ஈர மணலில் குழி தோண்டட்டும். வரிசைக்கு 7, மொத்தம் 14 குழி, குழிக்கு 5 புளியங்கொட்டை, ஆக 70. காய்ந்த மணலில் குழி சரியும். அலை தொடும் இடத்தில் தண்ணீர் ஊறும். இரண்டுக்கும் நடுவே காலை வைத்தால் தடம் அப்படியே நிற்கிற இடம்தான் சரி. இருவருக்கு ஓர் ஆட்டம், 15 ஆட்டத்துக்கு 1,050 கொட்டை. ஒன்றரைக் கிலோ வாங்கினால் தொலைவதற்கும் சேர்த்துக் காணும். பெரிய பிள்ளைகள் அள்ளுமுன் கடைசிக் கொட்டை எந்தக் குழியில் விழும் என்று சொல்லிவிட்டு அள்ளட்டும். முடிவில் 70 எண்ணிக்கை வராவிட்டால் மணலைக் கிளறுவதும் ஆட்டத்தில் சேர்த்தி. கொட்டைக்குப் பதில் சிப்பி பொறுக்கவிடாதீர்கள். காலிச் சங்கு என்று எடுத்ததற்குள் நண்டு குடியிருக்கும். கடல் அட்டையை, ஒதுங்கிக் காய்ந்து கிடந்தாலும் தொட வேண்டாம். 2001 முதல் அதை வைத்திருப்பதே குற்றம்.

பந்தையும் பலூனையும் கரைக்குக் கொண்டுபோகாதீர்கள். மே பிற்பாதியில் கச்சான் (மேற்கிலிருந்து வரும் காற்று) பிடித்துவிட்டால் உங்கள் பக்கம் காற்று கரையிலிருந்து கடலுக்கு அடிக்கும். கடல் குளம்போல் கிடக்கும், ஆபத்தே தெரியாது. பந்து மெல்ல உள்ளே நகரும், பின்னாலேயே பிள்ளையும் போகும். ஆறு பேருக்கு ஒரு பெரியவர், அவர் கடலைப் பார்த்து அல்ல, பிள்ளைகளைப் பார்த்து நிற்க வேண்டும். சொறி (ஜெல்லி மீன்) பட்டால் கடல் தண்ணீராலேயே கழுவுங்கள். நல்ல தண்ணீர் ஊற்றினாலும் மணல் தேய்த்தாலும் எரிச்சல் கூடும்.

திரும்பும்போது குழுவுக்கு 100 மில்லி கடல்நீர் எடுத்து, துணியில் வடிகட்டி, அகலமான எவர்சில்வர் தட்டில் ஊற்றி வெயிலில் வையுங்கள். லிட்டருக்கு 35 கிராம் அளவில் உப்பு இருப்பதால் 100 மில்லியில் மூன்றரை கிராம், ஒரு தேக்கரண்டிகூட வராது. தட்டு சிறிதானால் அன்றைக்குள் காயாது. ஒரு தட்டை மட்டும் நிழலில் விட்டு மறுநாள் பூதக்கண்ணாடியில் பாருங்கள். மெதுவாகக் காய்ந்ததில் பரல் பெரிதாக, சதுரமாக இருக்கும். அடியில் பிசுபிசுப்பாகக் கடைசிவரை காயாமல் நிற்பது கசப்புநீர். வாலிநோக்கம் உப்பளத்தில் அதை வடித்துவிட்டுத்தான் உப்பை வாருவார்கள். பிள்ளைகள் நக்கிப் பார்க்க வேண்டாம், கரைத் தண்ணீர் சுத்தமில்லை.

உச்சிவேளை நிழல்தான் இந்த நாளில் விடக்கூடாதது. தரைக்கு மேல் சரியாக ஒரு மீட்டர் நிற்கும்படி கம்பை ஊன்றுங்கள். நூலில் கல் கட்டித் தொங்கவிட்டு நிமிர்வைச் சரிபாருங்கள். கம்பு கொஞ்சம் சாய்ந்தாலும் கணக்கு முழுதும் கெடும். மணலில் ஊன்றினால் ஆடும், கெட்டித் தரை வேண்டும். 11.45 முதல் 12.30 வரை ஐந்து நிமிடத்துக்கொரு முறை இருவர் மட்டும் போய் நிழல் நுனியில் கல் வைத்துவிட்டு ஓடிவரட்டும். நிழல் மிகக் குறுகுவது 12 மணிக்கல்ல, 12.11 வாக்கில். நம் கடிகாரம் 82.5 பாகைத் தீர்க்கரேகையின் நேரம். நீங்கள் அதற்கு மேற்கே 79-ஐ ஒட்டி இருப்பதால் உங்களுக்கு நண்பகல் பிந்தும். அந்த நிழல் 17, 18 செ.மீ. நீளத்தில் தெற்கே விழும். நண்பகல் நிழல் வடக்கே விழும் என்று படித்த பிள்ளைகள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும். சித்திரை பிறக்கும்போது உங்கள் ஊரில் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, வடக்கே நகர்ந்துவிட்டது. ஆகஸ்ட் கடைசியில்தான் திரும்பி வரும்.

சாப்பாட்டுக்குப் புளிச்சாதம். தயிர்சாதம் இந்த வெக்கையில் புளித்துவிடும். பிள்ளைக்கு 2 லிட்டர் குடிநீர், மூன்று 20 லிட்டர் கேன். சாப்பிட்டதும் சின்னதுகள் தூங்கினால் எழுப்பாதீர்கள். மற்றவர்களுக்குக் கதை. மாலையில் திடலில் கிளித்தட்டு.

சான்றிதழ் வேண்டாம், காற்றாடி கொடுங்கள். ஒரு சாண் நீளம், இரண்டு விரல் அகலத்தில் பனை ஓலை. நடுவில் உடைமரத்து முள்ளைக் குத்தி, சோளத்தட்டையில் செருக வேண்டும். இரு நுனியையும் எதிரெதிர்ப் பக்கம் முறுக்க வேண்டும். ஒரே பக்கம் சாய்த்தால் காற்று இரண்டையும் தள்ளும், சுற்றாது. துளை முள்ளைவிடக் கொஞ்சம் பெரிதாக இல்லாவிட்டாலும் சுற்றாது. இதைக் கிளித்தட்டுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள், எல்லார் காலிலும் செருப்பு ஏறிய பின்பு. முள்ளை எண்ணிக் கொடுங்கள்: 30 கொடுத்தால் வீட்டுக்குப் போகும் காற்றாடிகளிலும் ஒடிந்து திரும்பியதிலுமாக 30 இருக்க வேண்டும்.